கூட வந்தவர்

என் வீட்டுக்காரருக்குப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் உண்டு. எனக்காகக் காத்திருப்பார்.

நான் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நீராவியில் வெந்து, படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தால், எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு அவர் நிற்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் குரல் கொடுக்க நான் ஒருத்திதான் மிச்சம். வீட்டிலும் நான் வராமல் தட்டில் கை வைக்க மாட்டார். பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே என்று கத்துவேன். "தனியா சாப்பிட்டா இறங்கல" என்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அழகாக இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். இன்னொரு மனிதரின் பசியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடி வருவது எவ்வளவு தொல்லை என்று ஓடி வருகிறவளுக்குத்தான் தெரியும்.

அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அந்த மூன்று வயதுதான் எங்களைக் கவிழ்த்தது.

அறுபத்தைந்து நிறைந்தவர்களுக்கு எங்கள் அரசாங்கம் மருத்துவக் காப்பீடு கொடுக்கிறது. புருஷன் பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்காது, ஆளுக்கு ஆள் தனித்தனி. ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டிவிடும். மிச்சம் நம் தலையில். அந்த மிச்சத்துக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. காய்ச்சலுக்குப் போனால் மிச்சம் சில்லறை, நெஞ்சைத் திறந்தால் மிச்சம் ஒரு வீடு. அந்த ஓட்டையை அடைப்பதற்காகத் தனியார் கம்பெனிகள் துணைக் காப்பீடு என்று ஒன்றை விற்கின்றன. இதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழாகச் சொல்ல வரும். தெரிய வேண்டிய காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்த மாதிரி பேச ஒருவன் இருந்தான். என் தம்பி. திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும், பாதி வெந்த பதில். இவருக்கு அறுபத்தைந்து ஆனதும், அரசுக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டு, துணைக் காப்பீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஒரு வண்ண விளம்பரக் காகிதத்தோடு வந்திருக்கிறான். நான் வேலையிலிருந்தேன்.

வீடு திரும்பியபோது இரண்டு பேரும் புதையல் எடுத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, நல்ல வேளை நான் வந்தேன். மாமா தனியா சேரப் பார்த்தாரு. உனக்கும் வயசு வரட்டும், ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்தா தம்பதித் தள்ளுபடி இருக்கு. இந்தா, இங்க போட்டிருக்கான் பாரு."

"அதுவரைக்கும் இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"மாமாவுக்கா? மாமா இரும்பு."

இரும்பு வெட்கப்பட்டுச் சிரித்தது. "ஒண்ணாவே சேர்ந்துடலாம்மா. என்ன அவசரம். நீ சீக்கிரம் கிழவியாகிற வழியைப் பாரு."

நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷமே இரும்புக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு சமதரையில், அப்புறம் செருப்பு மாட்டக் குனிந்தாலே. ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதய டாக்டர் நரைத்த மீசைக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கி, கல் மாதிரி இறுகிப்போயிருக்கிறது என்றார். இவர் என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டுக்கொண்டு, இவருக்குப் புரிகிற பாஷைக்கு மாறினார்.

"கதவு முழுசா திறக்க மாட்டேங்குது. மோட்டார் திணறுது. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனா ஒரு நாள் கதவை மாத்தித்தான் ஆகணும். ரொம்ப தள்ளிப் போட்டா மோட்டாரும் போயிடும்."

"புரியுது டாக்டர். நானே எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன்" என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு வயசு வந்ததும் துணைக் காப்பீடு எடுத்துடுவோம். அப்புறம் பண்ணிடலாம்" என்றார். டாக்டர் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது இருதயம், காப்பீடு இல்லை.

எனக்கு வயது நிறைந்த வாரமே ஏஜென்டைப் பார்க்கக் கிளம்பினோம். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். செருப்புக் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். படியில் இரண்டு முறை நின்று ஏறினார். உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. ஏஜென்ட் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவாள்.

என்னிடம் அவள் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, அவ்வளவுதான். இவர் பக்கம் திரும்பியதும் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. மூச்சு வாங்குமா, நெஞ்சு வலி உண்டா, எந்த டாக்டர் பார்க்கிறார், ஆபரேஷன் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா. இவர் எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார். பெருமையாகவே சொன்னார். கதவு, மோட்டார் கதையையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள்.

"ஐயா, நீங்க அரசுக் காப்பீட்டுல எப்ப சேர்ந்தீங்க?"

சொன்னார்.

"சேர்ந்த முதல் ஆறு மாசத்துல வந்திருந்தா, எந்தக் கம்பெனியா இருந்தாலும் உடம்பைப் பத்திக் கேட்காம உங்களை எடுத்துக்கணும். அதுதான் சட்டம். அது தாண்டிட்டா அவங்க இஷ்டம். வால்வு மாத்தணும்னு டாக்டர் எழுதி வெச்சிருக்கிறப்போ..." அவள் முடிக்கவில்லை. "அம்மாவுக்கு இப்ப அந்த ஆறு மாசம் ஓடிட்டு இருக்கு. அவங்களுக்குக் கண்டிப்பா கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காதுங்க."

"தம்பதித் தள்ளுபடின்னு போட்டிருந்தாங்களே?"

"அது இருக்குங்க. ரெண்டு பேரையும் எடுத்துக்கிட்டாத்தான்."

அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில், "நான் இவங்களுக்காகக் காத்துட்டு இருந்தேன்மா" என்றார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. தள்ளுபடியைக் கொட்டை எழுத்தில் போட்டவன், ஆறு மாதத்தை ஏன் அதே எழுத்தில் போடவில்லை? யாரைக் கேட்பது? அவளைக் கேட்டு என்ன பிரயோசனம்?

நல்ல பெண்தான் அவள், சும்மா அனுப்பிவிடவில்லை. இவருக்கு இன்னொரு வழி சொன்னாள். அரசுக் காப்பீட்டையே ஒரு கம்பெனி எடுத்து நடத்துகிற திட்டம். நோயாளி என்று யாரையும் தள்ள மாட்டார்கள். ஒரு வருஷத்தில் நாம் கட்டுவதற்கு வரம்பும் உண்டு, வீடு போகாது. ஆனால் அவர்கள் காட்டுகிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அவர்கள் காட்டுகிற டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், பெரிய சிகிச்சை எதுவானாலும் முதலில் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். வேண்டாமென்று வெளியே வருவதானால் வருஷக் கடைசியில்தான் வரலாம்.

"ஆத்தங்கரை ஆஸ்பத்திரி இருக்கா அதுல?" என்று கேட்டேன்.

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். தேடுகிற நேரத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. "இல்லைங்க."

படி இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் நான் சொன்னேன், "நானும் அதே அனுமதித் திட்டத்துலயே சேர்ந்துக்கறேன். எங்க போனாலும் ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியா இருக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் அவர் என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நான் பண்ண முட்டாள்தனம் போதாதா? உனக்கு இப்ப திறந்திருக்கு. விட்டா அப்புறம் திறக்காது. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நீயும் அனுமதி கேட்டு வரிசையில நிக்கணுமா?"

"அப்ப நீங்க எதுலயும் சேர வேண்டாம். அரசுக் காப்பீடு மட்டும் இருக்கட்டும். நம்ம டாக்டர்கிட்டயே பண்ணிக்கலாம். மிச்சத்துக்கு வீட்டை வித்துடலாம்."

"வித்துட்டு?"

"வித்துட்டு என்ன?"

"நான் அதுக்கப்புறமும் போயிட்டேன்னா? வீடும் இல்லாம, நானும் இல்லாம, உன் தம்பி கடையில திரைச்சீலைக்குப் பின்னாடியா படுத்துப்ப?" மூச்சு வாங்கியது. வாங்கி முடிக்கும்வரை கையைக் காட்டி என்னை அடக்கினார். "நாளைக்கு வந்து நீ கையெழுத்துப் போடற. நான் இன்னொண்ணுல போடறேன். பேச்சு முடிஞ்சுது."

மறுநாள் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் தனித்தனியாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

தம்பிக்கு விஷயம் தெரிந்து ஓடி வந்தான். அவனை நான் நிற்க வைத்துக் கிழித்தேன். பாதி தெரிந்த வாயை ஏன் திறந்தாய் என்று கேட்டேன். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். "விடும்மா, மச்சான் நல்லதுதான் நினைச்சாரு" என்று இவர் உள்ளேயிருந்து சமாதானம் சொன்னார். தவறு செய்தவனுக்கும் ஆறுதல், தவறில் மாட்டிக்கொண்டவரிடமிருந்தே. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அனுமதித் திட்டத்து டாக்டர் இளவயதுக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்து இவரிடம் பேசினார். பழைய பரிசோதனைகள் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து என்றார். எடுத்தோம். பெரிய ஊசி, சின்ன ஊசி, படம், நடைப் பரிசோதனை. வால்வு மாற்ற அனுமதி கேட்டு அவரே எழுதினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: இப்போதைக்கு மாத்திரை போதும், ஆபரேஷன் அவசியமென்று தெரியவில்லை. யாருக்குத் தெரியவில்லை? இவர் செருப்பு மாட்டுவதை வந்து பார்த்தார்களா? மேல்முறையீடு செய்தோம். போன் செய்தால் முதலில் ஒரு இசை, பிறகு ஒரு குரல், பிறகு வேறொரு இசை. நான் கத்துவேன். அந்தக் குரல் கொஞ்சமும் கோபப்படாமல், "உங்கள் கவலை புரிகிறது" என்று சொல்லும். கோபப்படாதவர்களிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார். படுத்தால் மூச்சு முட்டும்.

இதற்கு நடுவில் என் கண்ணில் பனி மூடியது. வலது கண்ணில் புரை. பஸ்ஸின் எண் தெரியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை. நான் பொருட்படுத்தவில்லை. அவர்தான் விடவில்லை.

"உன் காப்பீடு சும்மா கிடக்கு. போய்ப் பண்ணிட்டு வா."

"உங்களுது முடியட்டும்."

"நீ எனக்காகக் காத்திருந்தா நானே உன்னைத் தூக்கிட்டுப் போய் விடுவேன்" என்றார். யாரால் யாரைத் தூக்க முடியும்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வரவில்லை. ஒரு போன் செய்தேன். ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் உடனே தேதி கொடுத்துவிட்டார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் அவசியமா என்று கேட்கவில்லை. என் பங்கென்று கட்ட ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு வெட்கத்தில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது வெறும் கண் சிகிச்சை, ஆனாலும் களவாடிய மாதிரி இருந்தது.

ஆபரேஷன் அன்று வாசலிலிருந்து கண் பிரிவு வரைக்கும் நீளமான வராந்தா. பாதியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நீலமாகத் தெரிந்தது, என் மங்கல் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"உட்காருங்க ஐயா, உட்காருங்க. எந்த வார்டு?"

"நான் பேஷண்ட் இல்லம்மா" என்றார் அவர், மூச்சுக்கு நடுவில். "கூட வந்தவன். பேஷண்ட் இவங்க."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் நேராக நின்றுகொண்டிருந்தேன். கையில் பை. கன்னத்தில் ரத்தம். வெட்கங்கெட்ட ஆரோக்கியம்.

அந்த நேரம் பார்த்து நரைத்த மீசை டாக்டர் எதிரே வந்தார். இவரைப் பார்த்ததும் நின்றார். "என்ன மெக்கானிக், ஆளையே காணோம்? உங்களை எப்பவோ எதிர்பார்த்தேனே."

"வேற திட்டத்துல சேர்ந்துட்டேன் டாக்டர். இந்த ஆஸ்பத்திரி அதுல இல்ல."

டாக்டர் அங்கேயே குனிந்து இவருடைய நெஞ்சில் குழாயை வைத்தார். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வெகு நேரம் கேட்டார். நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தார், இவரைப் பார்க்கவில்லை.

"அந்தத் திட்டத்தை விட்டு இப்ப வெளிய வர முடியாதா?"

"வருஷக் கடைசியிலதான் முடியும்ங்க."

"மேல்முறையீட்டுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தரேன். வெளி டாக்டர் எழுதினதை அவங்க மதிக்கிறது கஷ்டம். இருந்தாலும் தரேன்." இவர் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார். வருஷக் கடைசிக்கு இன்னும் எத்தனையோ மாதங்கள் இருந்தன. அந்தக் கை அழுத்திய விதத்திலேயே, அதுவரைக்கும் கதவு தாங்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்கும் புரிந்திருக்கும், மெக்கானிக் இல்லையா.

கண் பிரிவில் இன்னொரு நர்ஸ் அட்டையில் செருகிய காகிதத்தோடு வந்தாள். என் கையெழுத்தை வாங்கிய பிறகு, "கூட வந்தவர் யாரு?" என்று கேட்டாள். இவர் கையைத் தூக்கினார்.

"ஆபரேஷன் முடிஞ்சு அம்மாவைத் தனியா அனுப்ப மாட்டோம். இதுல நீங்க கையெழுத்துப் போடணும். படிச்சுடறேன். 'நோயாளியைப் பொறுப்பாக அழைத்துச் செல்லவும், இரண்டு நாட்களுக்கு உடனிருந்து கவனித்துக்கொள்ளவும் ஏற்ற உடல்நலத்தோடு இருக்கிறேன்.' சரிதானே? உங்களுக்கு ஏதாவது உடம்புப் பிரச்சினை இருக்கா?"

செருப்புக் கடை மாடியில் அத்தனை கேள்விக்கும் ஒளிக்காமல் உண்மை சொன்னவர், நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"ஒண்ணும் கிடையாதும்மா. நல்லா இருக்கேன்."

போட்டார் கையெழுத்து. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சிகிச்சை சீக்கிரமே முடிந்துவிட்டது. வலியும் இல்லை. கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து ஒட்டி, நர்ஸ் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அழக் கூடாது. "அப்பா, நீங்கதான் பார்த்துக்கணும்" என்று இவரிடம் ஒப்படைத்தாள்.

"நான் பார்த்துக்கறேன்" என்று கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது. அவர்மேல் கொஞ்சமும் சாயாமல், சாய்ந்த மாதிரி நடந்தேன். வராந்தாவில் இருந்த ஒவ்வொரு நாற்காலியிலும் எனக்குத் தலை சுற்றுவதாகச் சொல்லி உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

கடைசி நாற்காலியில் கேட்டேன், "எதுக்குங்க அப்படிப் பொய் சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லியிருந்தா உன்னையும் திருப்பி அனுப்பியிருப்பாங்க." எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு அப்புறம் நீ தனியா ரோட்டைக் கடக்கணும். பஸ் நம்பர் பார்க்கணும். அதுக்குள்ள உன் கண்ணு சரியாயிடணும்னு இருந்தேன்."

அழக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அழுதேன்.